வண்டியின் நெற்றி

எங்கள் கிராஸில் (மைசூரில் குறுக்குத் தெருவுக்கு அப்படித்தான் பெயர்) ஒரு மிக்ஸி வாங்குவதாக இருந்தாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மைசூர் விஜயநகரில் வீடு கட்டிக்கொண்டு வந்தவன் நான். பெயர் ஸ்ரீவத்ஸன். மற்றவர்கள் ஓய்வு பெற்றதும் வாக்கிங் போகிறார்கள். நான் கடை கடையாகப் போய் சாமான்களைத் திருகிப் பார்க்கிறேன். ஃபோனில் நாலு கேமரா இருக்கிறது என்று யாராவது குதித்தால் எனக்கு எரிச்சல் வரும். பேட்டரி எத்தனை நேரம் நிற்கும் என்று கேட்கத் தெரியாதவனுக்கு நாலு கேமரா எதற்கு? காரில் ஏ.சி.யைக் கூட்டவும் குறைக்கவும் திரையைத் தடவ வேண்டும் என்று வைத்த மகானுபாவன் ஒருநாளும் மண்டி மொஹல்லா சந்தில் வண்டி ஓட்டியிருக்க மாட்டான். அந்தச் சந்தில் கண்ணை எடுத்தால் ஸ்கூட்டர், திருப்பினால் ஆட்டோ. கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு குமிழ் வேண்டாமா? ஏர் ஃப்ரையரில் வடை வரும் என்கிறார்கள். வரும், ஆனால் அது வடை இல்லை.

"என்னைப் பொண் பார்க்க வந்தப்போகூட இவ்வளவு நேரம் பார்க்கலை. வாஷிங் மெஷினை இப்படிப் பார்க்கறேளே" என்பாள் என் மனைவி சீதாலக்ஷ்மி. அவள் சொல்வது நிஜம்தான். அன்றைக்கு அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். வாஷிங் மெஷின் குனியவில்லை.

சென்ற வருஷம் நான் ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கினேன். அதன் முன் கண்ணாடிக்குள், உச்சியில், பின்னால் வருவதைப் பார்க்கும் ஆடிக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் ஒரு கேமரா சாலையைப் பார்த்துக்கொண்டே வரும். கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கும், எதிரில் ஏதாவது வந்து நாம் கவனிக்காவிட்டால் தானாகவே பிரேக் போடும். ஓட்டிப் பார்த்த அன்றே எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நான் சும்மா இருப்பேனா? இருக்கவில்லை. வருஷம் திரும்புவதற்குள் எங்கள் கிராஸில் அதே வண்டி ஐந்து நின்றது. என்னுடையது ஒன்று. எதிர்வீட்டு டாக்டருடையது, மூலைவீட்டு பேங்க் தம்பதியுடையது, பக்கத்து ஹெப்பாளில் ஃபாக்டரி வேலை பார்க்கும் கொள்ளேகாலத்துச் சிவகுமாருடையது. ஐந்தாவது ஜயம்மாவுடையது.

ஜயம்மா காலேஜில் பிஸிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். என்னைவிட மூத்தவள். நான் அக்கா என்பேன், அவள் வத்ஸா என்பாள். கணவர் காலமான பிறகுதான் கார் ஓட்டவே கற்றுக்கொண்டாள். அவளுக்கு ஒரு தம்பி, நம்பி என்று பெயர். சரஸ்வதிபுரத்தில் இருக்கிறார். கிழ டீசல் ஜீப் ஒன்று வைத்திருக்கிறார். அது கிளம்பினால் தெரு முழுக்கப் புகை. ஒயரும் திரையும் உள்ள வண்டியெல்லாம் அவருக்குப் பொம்மை.

அக்கா இந்த வயதில் தனியாக ஓட்டுவது நம்பிக்குப் பிடிக்கவில்லை. வண்டியை விற்றுவிட்டு, வேண்டும்போது ஒரு டிரைவரை வைத்துக்கொள் என்று பிடுங்கி எடுத்தார். கடைசியில் அக்காவும் தம்பியும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஆயுத பூஜை அன்றைக்குப் பூஜை முடிந்ததும் அக்கா மேல்கோட்டைக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் செல்வப்பிள்ளைப் பெருமாளைச் சேவித்துவிட்டு வர வேண்டும். நம்பி பக்கத்தில் உட்காருவார். வண்டி எங்கேயாவது மக்கர் பண்ணினால் அன்றைக்கே சாவி நம்பியிடம். அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள். என்னைக் கேட்காமல் கொடுத்தாள், ஆனால் என் பேச்சை நம்பித்தான் கொடுத்தாள்.

ஆயுத பூஜை அன்று மைசூரில் சைக்கிள்கூடச் சந்தனம் இல்லாமல் நிற்காது. எங்கள் கிராஸில் காலையிலேயே வண்டிகளைக் கழுவி வரிசையாக நிறுத்தியாகிவிட்டது. செண்டுமல்லி மாலை, வாழைக்கன்று, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். வண்டி சிபாரிசு செய்தவன் என்கிற மரியாதையில் அலங்காரத்தை என்னிடமே விட்டுவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாமம் சாத்தத் திருமண்ணையும் சிவப்பு ஸ்ரீசூர்ணத்தையும் நன்றாகக் குழைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பானெட்டில் பொட்டு வைப்பது எனக்குப் பிடிக்காது. பானெட் என்பது மூக்கு. மூக்கில் யாராவது இட்டுக்கொள்வார்களா? நெற்றி என்றால் முன் கண்ணாடியின் உச்சி, நட்டநடு. எங்கள் பழைய காருக்கு இருபது வருஷம் அங்கேதான் சாத்தினேன். புதுசுகளுக்கும் அப்படியே, பளிச்சென்று, கொஞ்சம் பெரிதாகவே சாத்தினேன். சிவகுமாரின் வண்டிக்கு மட்டும் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவன் மனைவி மாதம்மா எனக்கு முன்னாலேயே பானெட்டில் விபூதிப் பட்டை போட்டு முடித்திருந்தாள். அவன் ஃபாக்டரியில் பூஜை என்று அதை எடுத்துக்கொண்டு ஹெப்பாளுக்குப் போய்விட்டான். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வரிசையில் ஒன்று மட்டும் வேறு மாதிரி.

பூசணிக்காய் உடைத்தோம். அக்கா பட்டுப்புடவையில் வந்து ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தாள். நம்பி வேஷ்டியைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் ஏறினார். எலுமிச்சம்பழம் நசுங்க வண்டி நகர்ந்தது. அடுத்த கிராஸ் முனையைத் தொடவில்லை, நின்றுவிட்டது. ரிவர்ஸிலேயே எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்து நின்றது. நம்பி கண்ணாடியை இறக்கினார்.

"என்ன ஸ்வாமி, உம்ம வண்டி அழறதே" என்றார்.

எட்டிப் பார்த்தேன். திரையில் மஞ்சள் விளக்கு. ஓட்டுநர் உதவி இப்போது இயங்காது, சர்வீஸ் சென்டரை அணுகவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் டிங் என்று ஒரு சத்தம்.

"ஒண்ணும் இல்லேக்கா. அணைச்சுட்டுப் போட்டா சரியாயிடும்" என்றேன்.

அணைத்துப் போட்டோம். வாசல் தாண்டியதும் டிங்.

"இந்த ஒரு வண்டியிலே ஏதாவது இருக்கும். என்னுதைப் பாருங்கோ" என்று சொல்லி நான் என் வண்டியை எடுத்தேன். அதை எடுத்திருக்கவே கூடாது. முனை வரைக்கும் போனேன், டிங். டாக்டர் தன்னுடையதை எடுத்தார், டிங். பேங்க் தம்பதி எடுத்தார்கள். அதுவும் டிங். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நான் கைகாட்டி வாங்கிய வண்டிகள் மாலையும் கழுத்துமாக ஒன்றுக்குப் பின் ஒன்றாக டிங் டிங் என்று கோயில் மணி மாதிரி அடித்தன. எனக்கு வியர்த்துவிட்டது.

"ராத்திரி சாஃப்ட்வேர் அப்டேட் வந்தது. அதுலேதான் கோளாறு" என்று அறிவித்தேன். சர்வீஸ் நம்பருக்கு அடித்தேன். இன்று விடுமுறை, பண்டிகை வாழ்த்துகள் என்று ஒரு பெண்குரல் சொன்னது.

"என் ஜீப்புக்கு எந்த ராத்திரியும் எதுவும் வந்ததில்லே" என்றார் நம்பி. "வேஷ்டி கட்டிண்டு ஏறினா கிளம்பும், பேன்ட் போட்டுண்டு ஏறினாலும் கிளம்பும்."

அக்கா வண்டியிலிருந்து இறங்கினாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பிறகு சாவியைத் தம்பியிடம் நீட்டினாள்.

"வாக்குச் சொன்னேன், ஆயித்து. எடுத்துக்கோ. உன் ஜீப்பிலேயே போகலாம்."

நம்பி வாங்கிக்கொண்டார். அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்கவில்லை, அக்காவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போது சிவகுமார் வண்டியில் வந்து இறங்கினான். என்ன கூட்டம் என்று கேட்டான். சொன்னேன்.

"நம்ம வண்டிக்கு ஒண்ணும் இல்லீங்களே சார்" என்றான். "ஹெப்பாள் வரைக்கும் போயிட்டு வந்தேனுங்க. ஒரு சத்தம் வருலீங்க."

"ராத்திரி அப்டேட் ஆச்சா?"

"ஆச்சுங்க சார். காத்தால பார்த்தேனே."

அப்படியானால் அப்டேட் இல்லை. அதே வண்டி, அதே சாஃப்ட்வேர், அதே எலுமிச்சம்பழம். நான் அவன் வண்டியைச் சுற்றி வந்தேன். அக்காவின் வண்டியைச் சுற்றி வந்தேன். மறுபடி அவனுடையது. அவன் வண்டியில் விபூதி, மூக்கின் மேல். அக்காவின் வண்டியில் என் கையால் சாத்திய நாமம், நெற்றியில், நட்டநடுவில், பளிச்சென்று, கொஞ்சம் பெரிதாகவே.

அதற்கு நேர் பின்னால்தான் அந்தக் கறுப்புப் பெட்டி.

உள்ளேயிருந்து பார்த்தால் பெட்டி மறைத்துக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. வெளியிலிருந்து அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். நாமத்தைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுமே தவிர, அது ஒரு கோளாறு என்று யாருக்குத் தோன்றும்? அந்தக் கேமராவைப் பற்றி அந்தத் தெருவுக்கே பாடம் எடுத்தவன் நான். அதன் கண்ணைப் பொத்தியவனும் நான்.

ஒரு நிமிஷம் எனக்குக் கெட்ட புத்தி வந்தது. ஈரத் துணியை எடுத்து, தூசி தட்டுகிற மாதிரி ஒரு துடை. உள்ளே உட்கார்ந்து திரையில் எதையாவது நாலு தடவு. 'ரீசெட் பண்ணிட்டேன்' என்று ஒரு வார்த்தை. தெருவே கைதட்டும். என் பெயர் இன்னும் ஒரு படி ஏறும்.

ஆனால் வண்டியின் பெயர்? பண்டிகை நாளும் அதுவுமாக மக்கர் பண்ணிய வண்டி, ரீசெட் போட்டால்தான் ஓடுகிற வண்டி என்று ஆகிவிடும். நம்பி சாவியைத் திருப்பிக் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் தேவையில்லை. அந்த வண்டி ஒரு தப்பும் பண்ணவில்லை. கண்ணை மறைத்ததும் என்னால் உதவ முடியாது என்று சொன்னது. எனக்குப் பார்வை இல்லை, என்னை நம்பாதே என்று வாய்விட்டுச் சொன்னது. அதைவிட யோக்கியமான ஒரு மெஷினை நான் பார்த்ததில்லை. அதன் மேல் பழி போட எனக்கு மனசு வரவில்லை.

"நம்பி, சாவியை அக்காகிட்டே கொடுங்கோ" என்றேன். "வண்டி மேல தப்பில்லே. என் மேலதான். அதோட கேமரா இங்கேதான் இருக்கு. நான் அது மேலேயே நாமத்தைச் சாத்திட்டேன்."

முதலில் டாக்டர் சிரித்தார். அவ்வளவுதான், எல்லாரும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"தெருவுக்கே நாமம் போட்டுட்டீரே ஸ்வாமி" என்றார் நம்பி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன், திருமலையிலே பெருமாளுக்கே கண்ணை மறைச்சுத்தானே சாத்தறா?" என்றேன்.

"அவர் மேல்கோட்டை ரோட்டிலே கார் ஓட்டறதில்லே, வத்ஸா" என்றாள் அக்கா.

ஈரத் துணியால் நானே துடைத்தேன். சுலபத்தில் போகவில்லை. நன்றாகக் குழைத்திருந்தேன் அல்லவா. அக்கா ஏறினாள், நம்பி ஏறினார். வண்டி முனை வரைக்கும் போகிற வரை கிராஸ் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"வருலீங்க சார்" என்றான் சிவகுமார்.

வரவில்லை. அக்காவின் வண்டி இடதுபக்கம் விளக்குப் போட்டு அழகாகத் திரும்பிப் போயிற்று. எனக்கு அப்போது அழுகை வந்த மாதிரி இருந்தது. ஆனால் எல்லாரும் என்னைப் பார்த்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்ததால் அழவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள். அக்கா புளியோதரைப் பொட்டலத்தைச் சீதாலக்ஷ்மியிடம் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். நம்பி மட்டும் என் வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"பாண்டவபுரம் தாண்டி ஒரு கரும்பு டிராக்டர்" என்றார். "பின்னாலே விளக்கு கிடையாது. பக்கவாட்டு வயல்லேருந்து ரோட்டுக்கு ஏறித்து. அக்கா செல்வப்பிள்ளையைப் பத்திப் பேசிண்டிருந்தா. நான் கேட்டுண்டிருந்தேன். அவளும் பார்க்கலை, நானும் பார்க்கலை. வண்டி கத்தித்து, தானா நின்னுது. டிராக்டருக்கும் எங்களுக்கும் நடுவிலே ஒரு மாடு நிக்கலாம், அவ்வளவுதான் இடம்."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. பிரேக்கைப் பற்றி, கேமராவைப் பற்றி, எத்தனையோ. அதற்குப் பதில் கொடியைப் பார்த்தேன். காலையில் துடைத்த துணி இன்னும் கொடியில் திருமண் கறையோடு தொங்கிக்கொண்டிருந்தது.

"சாவியை இனிமே நான் கேக்க மாட்டேன்" என்றார் நம்பி. பிறகு காம்பவுண்டுக்கு வெளியே நின்றிருந்த தன் ஜீப்பைக் காட்டினார். "அந்தத் திருமண் மிச்சம் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"என் ஜீப்புக்கு ஒரு நாமம் சாத்துங்கோ ஸ்வாமி. அதுக்குக் கண் கிடையாது. பெருமாள்தான் பார்த்துக்கணும்."

கிண்ணத்தை எடுத்து வந்து, தண்ணீர் விட்டுக் குழைத்தேன். ஜீப்பின் கண்ணாடி உச்சியில், நட்டநடுவில், எனக்குப் பிடித்த மாதிரி பெரிதாகவே சாத்தினேன்.