சத்தமாகத் திட்ட அனுமதி

என் மனைவியின் சைக்கிளை அவளைக் கேட்காமல் பழைய இரும்புக்குப் போட்டது நான்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதில்தான் அவள் தபால் ஆபீசுக்குப் போய் வந்தாள். அதற்கு என்னைக் கிழிகிழியென்று கிழித்திருக்கலாம். ஆனால் வீட்டுக்குள் குரல் உயர்ந்தால் மக்களின் ரத்த அழுத்தமும் உயர்கிறது என்று அரசாங்கம் கண்டுபிடித்துவிட்டது. இனிமேல் சத்தமாகச் சண்டை போட அனுமதி வாங்க வேண்டுமாம். பெற்ற தாய்க்குக்கூட நம் மேல் இத்தனை அக்கறை கிடையாது!

அவள் போய் விண்ணப்பித்துவிட்டு வந்தாள். அனுமதி வர ஒரு மாதம் ஆகும் என்றார்களாம்.

"அதுவரைக்கும் மெதுவாத் திட்டேன்," என்றேன்.

"குசுகுசுன்னு திட்டினா திட்டின மாதிரியா இருக்கும்? பேசாம இருங்க. என் கோபம் ஆறிடப் போகுது."

அன்றிலிருந்து கோபத்தை அடுப்பில் வைத்த பாலைப் போலப் பார்த்துக்கொண்டாள். பொங்கவும் விடவில்லை, ஆறவும் விடவில்லை. நான் பாத்திரம் துலக்கப் போனால், கோபம் ஆறிவிடுமென்று பிடுங்கிக்கொண்டாள். ஒருநாள் நான் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே ஓடிப்போய், முன்பு சைக்கிள் சாய்ந்து நின்ற வெறும் சுவரைப் பார்த்துவிட்டு வந்தாள். பேச்சில்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவழியாகத் திட்டித் தொலைக்க மாட்டாளா என்று ஏங்கினேன்.

கடைசியில் அனுமதி வந்தது. கூடவே, கழுத்தில் விசில் தொங்க ஒரு மேற்பார்வையாளரும் வந்தார். வீட்டில் இருந்த நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, "ஆரம்பிங்கம்மா," என்றார்.

அவள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

"என் சைக்கிளைத் தொட நீங்க யாரு? அன்னைக்கு உங்க அக்கா என் தையல் மெஷினை..."

விசில் அலறியது. "தலைப்பு சைக்கிள் மட்டும்தான். அக்காவுக்குத் தனியா விண்ணப்பிக்கணும்."

"சரி, சைக்கிள். என்னைக்காவது என்னை ஒரு வார்த்தை கேட்டு..."

மறுபடி விசில். "'என்னைக்காவது' எல்லாம் கூடாதும்மா. இந்த ஒரு தடவையைப் பத்தி மட்டும் பேசுங்க."

"ஒரே விஷயத்தை வச்சுக்கிட்டு எப்படி சார் சண்டை போடுறது?"

"அரசாங்கத்தைக் கேள்வி கேட்க இதுல அனுமதி இல்ல," என்று சொல்லிவிட்டு, அதற்கும் ஒரு விசில் ஊதினார்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதம் கட்டிக்காத்த கோபம் கண்ணில் தண்ணீராக நின்றது.

"யோவ்! அவ என்னைத் திட்டுறா, உனக்கென்னய்யா வந்துச்சு? முழுசாத் திட்டட்டும், நான் வாங்கிக்கிறேன்!" என்று கத்தினேன்.

அனுமதியில்லாமல் கத்தியதற்கு அபராதச் சீட்டை என் கையில் திணித்துவிட்டு அவர் போய்விட்டார். அவள் கதவைச் சாத்தினாள். என் காதைப் பிடித்துத் தன் வாயருகே இழுத்தாள். சைக்கிளில் தொடங்கி, அக்கா, தையல் மெஷின், கல்யாணத்தன்று நான் தாமதமாக வந்தது வரை ஒன்றுவிடாமல் குசுகுசுவென்று திட்டினாள். காது கூசியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க, இன்னும் முடியல," என்றாள், தானும் சிரித்துக்கொண்டே.

நான் இன்னொரு காதைக் காட்டினேன்.