மாமனார் பார்த்துவிட்டார்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்கு இந்த உலகத்தில் பிடிக்காத மூஞ்சி ஒன்று உண்டென்றால் அது அவருடைய சகலையின் மூஞ்சிதான். அந்த மூஞ்சியைத்தான் அவர் தினமும் காலையில், கடை ஷட்டரைத் தூக்கி விளக்கைப் போட்ட கையோடு, போனில் தேடிப் பிடித்துப் பார்ப்பார்.

பார்த்தால் எரியும். எரியட்டும் என்றுதான் பார்ப்பார். சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன், டைல்ஸ் வியாபாரி. புதுக் கார் மேல் சாய்ந்துகொண்டு ஒரு போட்டோ, குளியலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு போட்டோ, நாய்க்கு ஸ்வெட்டர் மாட்டி அதே நிறத்தில் தானும் ஒன்று மாட்டிக்கொண்டு ஒரு போட்டோ. எல்லாவற்றிலும் கூலிங் கிளாஸ். அந்தக் கூலிங் கிளாஸ் வேறு எவன் கடையிலோ வாங்கியது. ஃப்ரேம் மூக்கில் உட்கார்ந்திருந்த லட்சணத்தைப் பார்த்ததுமே கண்ணாடிக்காரருக்கு அது தெரிந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க வந்த வாடிக்கையாளர்களிடம் எரிந்து எரிந்து விழுந்தார்.

இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று மூன்று வருஷம் ஆகிறது. காரணம் ஒரு போட்டோ. மாமனார் இறந்தபோது ஹாலில் மாட்டுவதற்குப் படத்தைப் பெரிதாக்கும் பொறுப்பைச் சகலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் எடுத்தது கண்ணாடிக் கடை திறப்பு விழாவில் எடுத்த படம். அதில் மாமனாரும் சின்ன மாப்பிள்ளையான கண்ணாடிக்காரரும் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். சகலை சின்ன மாப்பிள்ளையை மட்டும் நறுக்கி எறிந்துவிட்டார். தோளில் இருந்த கையை நறுக்க முடியவில்லை. ஆக, ஹாலில் மாமனார் சிரிக்கிறார், அவர் தோளில் அனாமத்தாக நாலு விரல் தொங்குகிறது, ஒரு விரலில் மோதிரம் வேறு.

"வேற போட்டோவே கிடைக்கலியா உங்களுக்கு?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"இதுலதான் அவர் நல்லா சிரிக்கிறார்."

"நான் பக்கத்துல நின்னேன், அதனால சிரிச்சார்!"

இழவு வீட்டில் நாலு பேர் முன்னால் பேச்சு வளர்ந்தது. "இனிமே உங்க மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்த மனிதர், அன்று சாயங்காலமே சகலையை நண்பர் பட்டியலிலிருந்து தூக்கினார். ஆனால் சகலைதான் தன் புரொஃபைலை ஊருக்கே திறந்து போட்டிருந்தாரே, பார்க்க எந்தத் தடையும் இல்லை. அதற்கப்புறம் அக்காவும் தங்கையும் அம்மா வீட்டுக்கு ஆளுக்கு ஒரு வாரம் என்று பிரித்துக்கொண்டு போனார்கள். பிறகு அந்த ஆளுக்கு ஒரு வாரமும், "அடுத்த வாரம் போலாம்", "அடுத்த மாசம் போலாம்" என்று தேய்ந்தது.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த பகையில் மண் விழுந்தது ஒரு வியாழக்கிழமை. கடையில் கண் பரிசோதிக்கும் பெண் லென்ஸ் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சார், இப்பல்லாம் நம்ம புரொஃபைலை யார் யார் வந்து பார்த்தாங்கன்னு தெரியுமாமே? என் தங்கச்சி ஒரு ஆப் போட்டிருக்கா, புட்டுப் புட்டு வைக்குதாம்."

கண்ணாடிக்காரர் கையிலிருந்த ஃப்ரேமைக் கீழே வைத்தார். மூன்று வருஷம். தினமும். அத்தனையும் சகலைக்குத் தெரிந்திருந்தால்? காலையில் பல் தேய்த்துக்கொண்டே அந்த ஆள் போனைப் பார்த்து, "வந்துட்டான்யா நம்ம ரசிகன்" என்று மனைவியிடம் காட்டியிருந்தால்? போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை சகலையை நேரில் பார்த்தே ஆக வேண்டும். மாமியார் வீட்டுக் குளியலறைச் சுவரில் தண்ணீர் கசிந்து, படுக்கையறைப் பீரோ வரைக்கும் ஈரம் வந்துவிட்டது. திங்கட்கிழமை வேலையாட்கள் வருகிறார்கள். பீரோவை நகர்த்தி வைக்க வேண்டும். அது ஒற்றை ஆள் நகர்த்துகிற பீரோ இல்லை. இரண்டு மாப்பிள்ளைகளும் வந்தாக வேண்டும் என்று அக்காளும் தங்கையும் போனில் பேசி முடித்துவிட்டார்கள்.

அந்த ஆப்பைக் கண்ணாடிக்காரரும் தன் போனில் இறக்கினார். அது கேட்டதற்கெல்லாம் சம்மதம் சொன்னார். பாஸ்வேர்டைக் கேட்டது, கொடுத்தார். அது கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, 'உங்களை அதிகம் பார்ப்பவர்' என்று ஒரு படத்தைக் காட்டியது.

மாமனார்.

போனை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்கு ஓடினார். போன் ரிப்பேர்க்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"படிச்சவர்தானே சார் நீங்க? யார் பார்த்தாங்கன்னு யாருக்கும் தெரியாது சார். அந்தக் கம்பெனிக்காரன் அதை யாருக்கும் காட்டுறதில்ல. காட்டுறேன்னு எவனாவது சொன்னா உங்க பாஸ்வேர்டுக்கு அலையுறான்னு அர்த்தம். உங்க நண்பர் பட்டியல்ல கண்ணை மூடிக்கிட்டு ஒரு ஆளை எடுத்துப் போட்டிருக்கு."

"அவர் செத்து மூணு வருஷம் ஆச்சு."

"அது அந்த ஆப்புக்கு எப்படித் தெரியும்? துக்கத்துக்கு வந்துச்சா?"

ஆப்பை நீக்கி, பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தார். கண்ணாடிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சகலைக்கு ஒரு மண்ணும் தெரியாது. மறுநாள் காலையில் நிம்மதியாகச் சகலையின் புரொஃபைலைப் பார்த்தார். நாய்க்குப் பிறந்தநாளாம்.

ஞாயிற்றுக்கிழமை பீரோவின் ஒரு முனையில் இவர், மறுமுனையில் சகலை. வாய்ப்பேச்சு கிடையாது. எல்லாம் மனைவிமார் வழியாகத்தான்.

"அவரைக் கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கச் சொல்லு."

"ஏங்க, இடது பக்கமாம்."

"யாருக்கு இடதுன்னு கேளு."

"ரெண்டு பேரும் எங்கம்மா காலை நசுக்காம இருந்தா போதும்!" என்று அக்காள் கத்தினாள். பீரோ ஒரு வழியாக ஹாலுக்கு வந்து சேர்ந்தது. சகலைக்கு மூச்சு வாங்கியது. போட்டோவில் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் தொப்பை நேரில் அவிழ்த்துவிட்ட மாதிரி கிடந்ததைப் பார்த்து, கண்ணாடிக்காரர் மனசாரச் சந்தோஷப்பட்டார்.

மாமியார் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். அந்த நாலு விரல் படத்துக்குக் கீழே ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். தான் எவ்வளவு சகஜமாக இருக்கிறோம் என்று சகலைக்குக் காட்டியே தீர வேண்டும் என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. அதனால் மனைவியைப் பார்த்து, ஹாலுக்கே கேட்கிற மாதிரி, அந்த ஆப் கதையை எடுத்துவிட்டார். கடைப் பெண் சொன்னாள், சும்மா போட்டுப் பார்த்தேன் என்று ஆரம்பித்தார். எதற்காகப் போட்டார் என்பதை மட்டும் விழுங்கிவிட்டார்.

"கடைசியில என்னை அதிகமா பார்க்கிறது யாருன்னு காட்டுச்சு தெரியுமா? நம்ம மாமா! மேல போயும் மனுஷனுக்கு மருமகன் ஞாபகம்தான்!"

அக்காளும் தங்கையும் சிரித்துவிட்டார்கள். சகலைக்கும் சிரிப்பு வந்து, அதை டீயோடு சேர்த்து விழுங்கப்போய்ப் புரையேறியது.

மாமியார் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது நான்தான் மாப்ளே" என்றார்.

எழுந்து உள்ளே போய், தலையணைக்கடியில் இருந்த ஒரு பழைய போனை எடுத்துவந்தார். மாமனாருடைய போன். மூலையில் கண்ணாடி கீறியிருந்தது, ஆனால் முழுசாகச் சார்ஜ் ஏறியிருந்தது.

"அவரு போனைத் தூக்கிப் போட மனசு வரல. இதுல அவரு கணக்கு அப்படியே இருக்கு. உங்க எல்லாரையும் பார்ப்பேன். நீங்க கடையில புது ஃபேன் மாட்டினது, பெரிய மாப்பிள்ளை நாய்க்குச் சட்டை போட்டது, எல்லாம் இதுலதான் பார்த்தேன்."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையேம்மா" என்றாள் அக்காள்.

"சொல்லணுமா? அதான் தெரியுமே. நான் ஒருதடவை மாடி வீட்டுக்காரி படத்தையெல்லாம் பார்த்துட்டிருந்தேன். 'பார்க்காத, நீ பார்த்தது அவளுக்குத் தெரிஞ்சுடும்'னு உங்கப்பா போனைப் பிடுங்கிட்டாரு. அதனாலதான் தினமும் பார்த்தேன். அவரு பார்த்தார்னு உங்களுக்குக் காட்டும். அவருதான் இல்லையே, அப்ப அம்மாதானே பார்க்கிறான்னு தோணும். தோணிச்சுன்னா ஒரு போன் அடிப்பீங்கன்னு இருந்தேன்."

சிரிப்புக் காட்டப் போய் இப்படி வந்து முடியும் என்று கண்ணாடிக்காரர் கனவிலும் நினைக்கவில்லை.

"அம்மா, அது யாருக்கும் தெரியாதும்மா" என்றாள் அவர் மனைவி.

"சும்மா சமாளிக்காத. மாப்பிள்ளைக்குக் காட்டியிருக்கே."

"அத்தை, அது பித்தலாட்ட ஆப். சும்மா ஒரு பேரை எடுத்துப் போட்டிருக்கு" என்றார் கண்ணாடிக்காரர்.

"பித்தலாட்டம்னா, நான் பார்த்தது அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இதற்கு என்ன பதில் சொல்வது? போன் ரிப்பேர்க்காரரைக் கூட்டிவந்து நிறுத்தினாலும் அவரால் சொல்ல முடியாது. தற்செயல் என்றால் மாமியார் நம்பப் போவதில்லை. அவர் முகம் அதைத்தான் சொன்னது. கோபம்கூட இல்லை அதில். தெரிந்துதான் எல்லோரும் சும்மா இருந்தார்கள் என்று என்றைக்கோ முடிவுகட்டி, அதைப் பழக்கப்படுத்திக்கொண்ட முகம்.

அவரை நம்ப வைக்கக் கையில் ஒரே ஒரு சாட்சிதான் உண்டு என்று கண்ணாடிக்காரருக்குப் புரிந்தது. அதைச் சொன்னால் மானம் கப்பலேறும். சொல்லாமல் எழுந்து வீட்டுக்குப் போகலாம். போனால், இந்த அம்மாள் திங்கட்கிழமையும் அந்தப் போனை எடுத்து வைத்துக்கொண்டு இப்படியே உட்கார்ந்திருப்பார். நாசமாய்ப் போகட்டும் இந்த மானம் என்று வாயைத் திறந்தார்.

"அத்தை, நான் ஒருத்தரை மூணு வருஷமா தினமும் பார்க்கிறேன். காலையில கடை திறந்ததும் முதல் வேலை அதுதான். அவருக்குத் தெரியுமான்னு நீங்களே கேளுங்க." விரலை நீட்டினார். "சகலையைத்தான்."

மனைவிக்குத் திறந்த வாய் மூடவில்லை.

"அவர் கார் வாங்கினது தெரியும். அந்த மட்டமான கூலிங் கிளாஸ் தெரியும். நாய்க்கு வெள்ளிக்கிழமை பிறந்தநாள். போதுமா? கேளுங்க அவரை. பார்த்தா தெரியும்னா அவருக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கணும்."

எல்லாருடைய கண்ணும் சகலை மேல் திரும்பியது. 'எனக்கு அப்பவே தெரியும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சகலை காலத்துக்கும் ராஜா. அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான். சகலை வாயைத் திறந்தார், மாமியாரைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

"சத்தியமா தெரியாது அத்தை" என்றார் பிறகு. "தெரிஞ்சிருந்தா நான் சும்மா இருந்திருப்பேனா? ஊரையே கூட்டியிருக்க மாட்டேனா?"

அது மாமியாருக்கு நம்பும்படியாக இருந்தது. பெரிய மாப்பிள்ளையை அவருக்குத் தெரியும். நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப உங்க யாருக்கும் தெரியாது."

"தெரியாது அத்தை."

"தெரிஞ்சும் சும்மா இருக்கலை."

"இல்லம்மா" என்று மூத்தவள் எழுந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமியார் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "ஐயோ, உங்க எல்லாரையும் நான் திட்டாத திட்டு கிடையாதே. உங்கப்பா படத்துக்கு முன்னால நின்னு, காது கூசற மாதிரி" என்றார். அழுகையும் சிரிப்புமாக வந்தது அவருக்கு.

சகலை தொண்டையைக் கனைத்தார். மூன்று வருஷத்தில் முதல்முறையாக, இடையில் ஆள் வைக்காமல், நேராகக் கண்ணாடிக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"தினமுமா?"

"தினமும்தான்யா" என்றார் கண்ணாடிக்காரர். "ஞாயித்துக்கிழமை கடை லீவு. அன்னிக்கு ரெண்டு மூணு தடவை."

"ஞாயித்துக்கிழமைன்னா நானும் அப்படித்தான் மாப்ளே" என்றார் மாமியார். "இன்னிக்குத்தான் போனை எடுக்கவே இல்ல."