நனைந்த ஏணி

ஒற்றை மகனின் விலை நாலாயிரம் ரூபாய். எஸ்டேட்காரர்கள் போட்ட விலை அது. தெரசம்மாள் பேரம் பேசவில்லை.

எழுபத்தொன்பதில், பனியில் நனைந்த மூங்கில் ஏணியைச் சில்வர் ஓக் மரத்தில் சாத்தி, மிளகு பறிக்க அவள் மகன் அருள்சாமியை ஏற்றிவிட்டவர் மேஸ்திரி சிங்கராயர். "வெயில் வரட்டுமுங்க" என்று பையன் சொன்னது பக்கத்து மரத்துக்காரர்கள் காதில் விழுந்தது. "உனக்காக வெயிலைக் கூட்டியாரச் சொல்றியா? ஏறுடா" என்றதும் விழுந்தது. பிறகு பையன் விழுந்தான்.

தெரசம்மாள் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் கர்த்தர் கற்பித்த செபத்தில், பிறர் செய்த தீங்கைப் பொறுக்கிறோம் என்கிற இடம் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். கொடுக்காததைக் கொடுத்துவிட்டதாகக் கடவுளிடமே அளக்க அவள் என்ன மிளகு மண்டிக்காரியா?

ஆறு வருடம் கழித்துச் சிங்கராயர் சாகக் கிடந்தார். சாமியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போயும் உயிர் பிரியவில்லை. சாகிறவர் வாயில் ஊரார் பால் ஊற்றுவது தலைச்சோலை வழக்கம். ஊற்றியதெல்லாம் கடைவாயில் வழிந்தது. அவர் பெண்சாதி மரியசெல்வி, தெரசம்மாளின் வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க அக்கா, நீங்க வந்து ஊத்துனாத்தான் இறங்குமாட்ட இருக்குதுங்க."

"உங்கூட்டுக்காரருக்கு இத்தனை வருசமா என்ர ஊட்டுக்கு வழி தெரியலையா கண்ணு?"

"நொம்ப நாளு வேலி வரைக்கும் வந்தாருங்க. உள்ள வர மூஞ்சியில்லாம திரும்பீட்டாருங்க."

தெரசம்மாளுக்கு அது தெரியும். வேலியோரம் அவர் இருமும்போதெல்லாம் கதவைச் சாத்தியவள் அவள்தான். சேலையை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கரண்டியோடு குனிந்தபோது சிங்கராயர் கண் திறந்தார்.

"ஏணி நனைஞ்சிருந்தது தெரியுமுங்க அம்மிணி. தெரிஞ்சுதான் ஏத்துனேன்."

பால் கட்டிலில் சிந்தியது. மறுபடி மொண்டாள்.

"பொறுத்துட்டேன். குடிங்க."

பால் தொண்டையில் இறங்கியது. சுற்றி நின்றவர்கள் செபம் தொடங்கினார்கள். அந்த இடம் வந்தபோது அவள் வாய் திறந்து சொன்னாள். ஆமென் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

பொறுத்தால் பாரம் இறங்கும் என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். இறங்கத்தான் செய்தது. ஆனால் இத்தனை நாளும் அந்தக் கோபத்தின் மடியில்தான் அருள்சாமி உட்கார்ந்திருந்தான் போலிருக்கிறது. ஊட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், உள்ளே அவனும் இல்லை.

சிங்கராயர் கணக்கு நேராகிவிட்டது. தெரசம்மாள் கணக்கில் ஒரு மகன் பாக்கி. கேட்பதற்கு இனி ஆளும் இல்லை.