மைனஸ் நூற்றுப் பதினெட்டு

எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் சிக்னல் கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அளந்து சொல்கிறேன். கதவருகே மைனஸ் நூற்றுப் பத்து. உள்ளே, பழைய தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே, மைனஸ் நூற்றுப் பதினெட்டு. மைனஸ் எழுபது என்றால் போன் நன்றாகப் பேசும். நூற்றுப் பத்தில் முனகும். நூற்றுப் பதினெட்டில் அது வெறும் செங்கல்.

அளப்பது என் பொழுதுபோக்கு. பையில் இரண்டு போன் இருக்கும், இரண்டிலும் வேறு வேறு கம்பெனி சிம். நான் நடப்பேன். நொடிக்கு ஒரு தடவை, எந்த இடம், எந்த டவர், எவ்வளவு சிக்னல் என்று போன் எழுதிக்கொண்டே வரும். வீட்டுக்கு வந்து அதை ஒரு பொது வரைபடத்தில் ஏற்றுவேன். நல்ல சிக்னல் பச்சை, சுமாரானது மஞ்சள், இல்லாதது சிவப்பு. இப்படி நாற்பது பேர் இருக்கிறோம். எந்த டவரில் புது ஆண்டெனா ஏறியது, எது அடுத்த தலைமுறைக்கு மாறியது என்பதெல்லாம் கம்பெனி அறிவிப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லப் பதிலும் இல்லை.

"மத்த வீட்டுப் பொண்ணுங்க போன்ல பேசும். இவ போனைக் காத்தாட நடத்திக் கூட்டிட்டுப் போறா" என்பாள் அம்மா.

உண்மைதான். நான் போனில் பேசுவதில்லை. தெரியாத எண் அழைத்தால், அது ஓயும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஸ்டோர் ரூமில்தான் அக்கா தூங்குவாள்.

அக்கா நர்ஸ். இரவு ஷிப்ட் முடித்துக் காலை எட்டரைக்கு வருவாள். மறுபடி இரவு எட்டுக்குப் போக வேண்டும். நடுவில் தூங்கினால்தான் உண்டு. ஆனால் பகல் ஷிப்டுக்கு யாராவது வரவில்லை என்றால் பத்து மணி சுமாருக்குத் தலைமை நர்ஸ் ஒவ்வொருவராக அழைக்க ஆரம்பிப்பார். பட்டியலில் அக்காவின் பெயர் முதலில்.

இதில் ஆஸ்பத்திரிக்கு ஒரு விதி உண்டு. மணி அடித்தும் எடுக்கவில்லை என்றால் மெமோ. ஸ்விட்ச் ஆஃப் செய்திருந்தாலும் மெமோ. "தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்" என்று அறிவிப்பு வந்தால் மட்டும் மெமோ கிடையாது. அது மழை மாதிரி. யார் மேலும் தப்பில்லை.

மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை அக்காவுக்கு நான்தான் விளக்கினேன். போனை அணைக்கும்போது அது டவரிடம் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் அணைகிறது. விமானப் பயன்முறையிலும் அப்படியே. சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகும் போன் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுகிறது. டவர் கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டு எல்லைக்கு வெளியே என்று முடிவுக்கு வருகிறது.

"அப்போ நான் சொல்லிக்காம போயிடறேன்" என்று அக்கா பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போனாள். ஒன்றரை வருடம் அங்கே நிம்மதியாகத் தூங்கினாள்.

அதே ஒன்றரை வருடத்தில் நான் வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவும் பின்தெருவும் வரைபடத்தில் ஒரே சிவப்பு. ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு பக்கம் ஏழு மாடிக் கட்டடம். நடுவில் நாங்கள் நிழலில் இருந்தோம். பதினான்கு மாதம் அளந்தேன். ஆறு லட்சத்துச் சொச்சம் அளவீடுகள். பதினோரு பக்க அறிக்கையாக்கிக் கம்பெனிக்கு அனுப்பினேன். "நன்றி, பரிசீலிக்கிறோம்" என்று ஒரு வரி வந்தது. நான்காம் மாதம், மூலையிலிருக்கும் வங்கிக் கட்டடத்து மாடியில் மூன்று புது ஆண்டெனாக்கள் நின்றன. கீழே ஒரு பேனர்: 'இனி இங்கே சிக்னல் இல்லாத இடமே இல்லை.'

தெரு முழுக்க இரண்டு தடவை நடந்தேன். பச்சை, பச்சை, பச்சை. எங்கள் குழுவில் மொட்டைமாடி என்ற பெயரில் எழுதும் ஒருவர் இருக்கிறார். மாடி மாடியாக ஏறி அளப்பவர், யாரையும் பாராட்டாதவர். அவரே "ஓட்டை அடைபட்டது. வாழ்த்துகள்" என்று எழுதினார். அன்று முழுவதும் நான் சிரித்த முகமாக இருந்ததாக அம்மா சொன்னாள்.

ஓட்டையை அத்தனை தடவை அளந்தேனே தவிர, அதற்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் பத்தேகாலுக்கு ஸ்டோர் ரூமுக்குள் போன் அடித்தது. அக்கா தலையை விரித்துப் போட்டபடி வெளியே வந்தாள். "இங்க எப்படிடீ?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் யூனிபார்மை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் உள்ளே போய் அளந்தேன். மைனஸ் எண்பத்து நாலு.

அந்த வாரம் நாலு நாள் அழைப்பு வந்தது. ஐந்தாம் நாள் காலை அக்கா டீயில் உப்பைப் போட்டுக் கலக்கி, பாதி குடித்த பிறகு முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு பரவாயில்ல" என்றாள். "நேத்து ஒரு பெரியவருக்குக் கொடுத்த மாத்திரையையே மறுபடி கொடுக்கப் போயிட்டேன். அவரே, 'இப்பத்தானேம்மா முழுங்கினேன்'னு சொன்னார். அவர் நினைவோட இருந்ததால தப்பிச்சேன். பக்கத்து பெட்ல இருக்கறவர் அப்படி இல்ல."

அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பேசியாக வேண்டியவள் நான்தான்.

"அந்த டவரை நான்தான் வரவழைச்சேன்" என்றேன்.

அக்கா என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றையுமே அவள் ரொம்ப நேரம்தான் பார்க்கிறாள்.

"எத்தனை வீட்டுக்கு நல்லது நடந்திருக்கும்?"

"இருநூத்திப் பத்து."

"இருநூத்தி ஒம்பதுன்னு போட்டுக்கோ."

போனை அலுமினியத் தாளில் நாலு சுற்றுச் சுற்றி டின்னுக்குள் போட்டால் சிக்னல் போகாது என்று சொன்னேன். அக்கா தலையாட்டவில்லை. "அது பொய்டீ. ஸ்டோர் ரூம்ல படுக்கறது பொய் இல்ல. எங்க படுக்கறேன்கறது என் இஷ்டம். போனை மூட்டை கட்டி வெச்சுட்டுக் கிடைக்கலன்னு சொல்றது வேற."

பிறகு வீட்டை அரை மீட்டருக்கு ஒரு தடவை அளந்தேன். பாத்ரூம், பரண், கட்டிலுக்கு அடி. மிக மோசமான இடம் சமையலறைத் தொட்டிக்குக் கீழே, மைனஸ் தொண்ணூற்று ஆறு. அங்கேயும் மணி அடிக்கும். தவிர, அக்கா அங்கே நுழைய மாட்டாள்.

கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். என்னைப் பொறுத்தவரை இது ஒரு பெரிய வாக்கியம். வரவேற்பு மேசையில் ஒரு புகார்ப் படிவம் தந்தார்கள். சிக்னல் இல்லை, சிக்னல் பலவீனம், அழைப்பு துண்டிப்பு, இணையம் மெதுவு. நாலு கட்டம். நான் ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்து, அதற்குள் டிக் போட்டு, எதிரே 'சிக்னல் அதிகம்' என்று எழுதினேன். உள்ளேயிருந்து ஒரு என்ஜினியர் அந்தக் காகிதத்தோடு வெளியே வந்தார்.

"இது யாரு?"

கையை உயர்த்தினேன். அறையில் வேறு யாருமில்லை.

"பதினோரு பக்கம் அனுப்பினது நீங்கதானே? விலாசம் ஞாபகம் இருக்கு. மேடம், உங்க ரிப்போர்ட்டை வெச்சுத்தான் எங்களுக்கு அந்த சைட்டே சாங்ஷன் ஆச்சு. எங்க மேலதிகாரி அதை ஃப்ரேம் போடாத குறை."

"கொஞ்சம் சாய்க்க முடியுமா, ஆண்டெனாவை?"

"எந்தப் பக்கம்?"

"எங்க வீட்டை விட்டு."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சிக்னல் வரலன்னு அழுதவங்களைப் பார்த்திருக்கேன். வந்துடுச்சேன்னு அழறவங்க நீங்கதான் முதல் ஆள். உங்க ஒரு வீட்டை மட்டும் வெட்டி எடுக்க அது என்ன கேக்கா? வேணும்னா படிவத்தை வெச்சுட்டுப் போங்க. எந்த ஃபைல்ல போடறதுன்னு யோசிக்கறேன்."

வெள்ளிக்கிழமை பத்து மணி. அக்கா வந்து படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அம்மா கடைக்குப் போயிருந்தாள். எனக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மதிய ஷிப்ட் என்பதால் வீட்டில் இருந்தேன். போன் அடித்தது. திரையில் தலைமை நர்ஸ். அக்காவின் கை தூக்கத்திலேயே போனைத் தேடியது. அது தேடிய விதத்தைப் பார்த்துத்தான் நான் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். ஓடுகிற வேகத்தில் விரல் பட்டு அழைப்பு இணைந்துவிட்டது.

"எங்க இருக்க? உடனே கிளம்பி வா."

"நான் தங்கச்சி" என்றேன்.

"அக்காவை எழுப்பு."

"முடியாதுங்க."

"ஏன்?"

"தூங்கறாங்க."

"தூங்கறதாலதான் எழுப்பச் சொல்றேன். முழிச்சிட்டிருந்தா எதுக்கு எழுப்பணும்?"

அப்புறம் சொல்லக் கூடாததைச் சொன்னேன். நாலு நாளாகத் தூங்கவில்லை என்றேன். மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து பெட்காரரைப் பற்றியும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அக்காவின் வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

சிக்னல் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். முழுதாக இருந்தது.

"முன்னெல்லாம் அவ கிடைக்கவே மாட்டாளே" என்றது குரல். "இப்போ மட்டும் எப்படிக் கிடைக்கறா?"

ஸ்டோர் ரூமையும் டவரையும் சொன்னேன். என்னையும் சொன்னேன்.

"தூங்கட்டும். ஞாயித்துக்கிழமை காலைல நீ என் வீட்டுக்கு வா. பின்தெரு, கடைசி வீடு. உன்னோட அளக்கற சாமானையும் எடுத்துட்டு வா."

அக்கா மதியம் எழுந்து எல்லாவற்றையும் கேட்டாள். "மாத்திரையைச் சொன்னியா?"

"சொன்னேன்."

"வருஷத்துக்கு ஒரு தடவைகூட யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்ட. திறந்தா இப்படியா?" என்று தலையணையை எறிந்தாள். அதில் முன்னைவிட பலம் இருந்தது. நாலு மணி நேரம் தூங்கியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தலைமை நர்ஸ் கதவைத் திறந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வீட்டிலும் காலில் வெள்ளை ஷூ. மேசையில் அவருடைய போன் கிடந்தது. நான் உட்காருவதற்குள் அது இரண்டு தடவை அடித்தது.

"மேற்பார்வையாளர்" என்றார் பேசி முடித்துவிட்டு. "உன் டவர் வந்ததுலேர்ந்து லீவு நாள்லயும் இவர் ஆத்துக்கு அக்கரைல, ஆஸ்பத்திரில உக்காந்துக்கிட்டு எனக்குப் போன் போடறார். நான் உங்க அக்காவுக்குப் போடணும். யாருமே கிடைக்கலன்னா ஏஜென்சிலேர்ந்து ஆள் எடுக்கலாம், அதுக்கு ஏற்பாடெல்லாம் இருக்கு. ஆனா அவர் ஒரு படிவத்துல கையெழுத்துப் போடணும். அந்தப் படிவம் அவருக்குக் கசக்குது. நான் போன்ல கிடைச்சுட்டிருக்கற வரைக்கும் அவர் பேனாவைத் தொட மாட்டார்."

"போனை அலுமினியத் தாள்ல..." என்று ஆரம்பித்தேன்.

"இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல நான் பொய் சொன்னதில்ல. நிஜமாவே கிடைக்காத இடம் வேணும். பத்திலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் நான் அங்க உக்காந்து பேப்பர் படிப்பேன். என் லீவு நாள்ல, என் வீட்டுல நான் எங்க உக்காந்தா யாருக்கென்ன?"

பழைய வீடு, கனமான சுவர்கள். கூடம் மைனஸ் எழுபத்தெட்டு. படுக்கையறை எண்பத்தைந்து. அவர் என் பின்னாலேயே நோயாளியின் அறிக்கைக்குக் காத்திருப்பவர் போல நடந்து வந்தார். "எவ்வளவு? இப்போ எவ்வளவு?" மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. அதன் ஒரு சுவர் முழுக்கத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே துடைப்பமும் இரண்டு வாளியும் இருந்தன. குனிந்து போனேன். நூற்றுப் பதினொன்று. மூலையில் நூற்றுப் பத்தொன்பது. இரண்டு போனும் சிக்னல் இல்லை என்றன.

"இங்க" என்றேன்.

அவர் வாளிகளை வெளியே எடுத்து வைத்தார். ஒரு நாற்காலியை உள்ளே தள்ளி உட்கார்ந்து பார்த்தார். தலை இடிக்கவில்லை. "லைட் ஒண்ணு போடணும்" என்றார். அவர் முகத்தில், உடம்பு தேறியவர்களுக்கு வரும் களை வந்தது.

திங்கட்கிழமையும் அவருக்கு விடுப்பு. அன்று பத்து மணிக்கு எங்கள் வீட்டில் போன் அடிக்கவில்லை. பத்தரைக்கும் அடிக்கவில்லை. அக்கா மாலை நாலரை வரை தூங்கினாள். ஆஸ்பத்திரியில் மேற்பார்வையாளர் படிவத்தில் கையெழுத்துப் போட்டதாகவும், ஏஜென்சி நர்ஸ் அரை மணியில் வந்ததாகவும் செய்தி. மற்ற நாட்களில் தலைமை நர்ஸே ஆஸ்பத்திரியில் இருப்பார். அங்கே அவர் அதே ஏஜென்சி படிவத்தை முன்கூட்டியே நிரப்பி, பேனாவோடு மேற்பார்வையாளரின் மேசையில் வைத்துவிட ஆரம்பித்தார். ஒரு தடவை கசந்தது, அப்புறம் அவருக்கும் பழகிவிட்டது.

எனக்கு ஒரு வேலை மீதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அளவீடுகளை வரைபடத்தில் ஏற்ற வேண்டும். எங்கள் குழுவில் ஒரே ஒரு விதி, எதையும் மறைக்கக் கூடாது. மாடிப்படி அறையை ஏற்றினால் பின்தெருவின் கோடியில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். சிவப்புப் புள்ளியைப் பார்த்தால் கம்பெனி என்ன செய்யும் என்பதை நான் பதினோரு பக்கத்துக்கு அறிவேன். அந்த வீட்டின் நானூற்று முப்பது அளவீடுகளையும் அழித்துவிட்டு மற்றதை ஏற்றினேன். நாலு வருடத்தில் நான் அழித்தவை அவ்வளவுதான்.

அன்று மாலையே மொட்டைமாடி கேட்டார். "பின்தெரு முழுக்க நடந்திருக்கீங்க. கடைசி வீட்டை மட்டும் விட்டிருக்கீங்களே?"

பத்து நிமிடம் யோசித்தேன்.

"நாய்" என்று எழுதினேன்.

"எத்தனை?"

"ஒண்ணு. பெரிசு."

எங்களில் கடிபடாதவர்கள் குறைவு. அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டின் மேல் ஓர் எச்சரிக்கைக் குறி போட்டு, அந்தப் பக்கம் யாரும் அளக்கப் போக வேண்டாம் என்று நாற்பது பேருக்கும் எழுதிவிட்டார்.