நாற்பத்தேழு நாள் முட்டு

கோதண்டபாணி மேஸ்திரிக்கு நான் தர வேண்டியது ஒன்பதாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய். அது அன்றைக்குக் காலைக் கணக்கு. விடிந்தால் இன்னும் இருநூற்று எண்பது ஏறும்.

எங்கள் வீட்டுத் தளத்தைத் தாங்கிக்கொண்டிருந்த இரும்புத் தகடுகளும் சவுக்கு முட்டுகளும் அவருடையவை. தளம் போட்டதிலிருந்து பதினான்கு நாள் வரைக்கும் பேசிய கூலியில் அடங்கும். அதைக் கொடுத்தாயிற்று. அதற்கு மேல் நாள் வாடகை. அன்று நாற்பத்தேழாவது நாள். முப்பத்து மூன்று நாள் வாடகை அப்படியே நின்றது.

பிரித்துக்கொண்டு போகிறேன் என்று அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிரிக்க விடாதவன் நான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்களுடையது தொகுப்பு வீடு. அரசாங்கப் பணம் பில்லு பில்லாகத்தான் வரும். கடைக்கால், லிண்டல் இரண்டுக்கும் வாங்கியாயிற்று. தளத்துக்கு உண்டான பில்லு வேண்டுமென்றால், முட்டெல்லாம் எடுத்த வீட்டுக்கு முன்னால் என்னையும் என் பெண்சாதியையும் நிற்க வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று எங்கள் ஓவர்சியர் கறாராகச் சொல்லிவிட்டார். பிரித்தால்தான் பணம். பணம் வந்தால்தான் கடன் அடையும். நான் பிரிக்கவில்லை. கடன் ஏறிக்கொண்டே போனது.

வேலை செய்கிற இடத்தில் மேஸ்திரி தினமும் ஒரு வாய் பேசுவார்.

"யோவ் சூசை, ஒன் ஊட்டுல இன்னா சவுக்குத் தோப்பா வச்சிருக்கிற? எப்ப வெட்டு?"

மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவரிடம் இருபத்திரண்டு வருஷமாகச் சென்ட்ரிங் வேலை எனக்கு. பத்தாம் நாளே போய், அடுத்தவன் வீட்டு முட்டுகளைச் சம்மட்டியால் தட்டி எடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிற ஆள் நான். தளம் நிற்குமா என்று ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. பார்க்க வேண்டியவன் வீட்டுக்காரன்.

இப்போது நான் வீட்டுக்காரன்.

என் பயத்துக்குக் காரணம் தளம் போட்ட அன்று நடந்தது. கோலியனூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில், பெண்கள் இரண்டையும் கட்டிக்கொடுத்த பிறகு, நானும் என் பெண்சாதி அக்னசும் எழுப்பிய வீடு அது. மண் சுமந்தது, கல் அடுக்கியது, சுவருக்குத் தண்ணீர் விட்டது எல்லாம் நாங்கள்தான். தளத்துக்கு மட்டும் மேஸ்திரியின் ஆட்களைச் சொன்னோம். தேதி குறித்தது அக்னசு. தவக்காலத்தில் போடவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"கறி ஆக்க முடியாத நாள்ல தளம் போட்டு, வந்தவங்களுக்கு சாம்பாரு ஊத்தி அனுப்பச் சொல்றியா? நம்ம ஊட்டுத் தளம்யா அது."

உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டர் முடிந்த மறு செவ்வாய்க்கிழமை போட்டோம்.

தளம் போடுகிற அன்று வீட்டுக்காரர் பிரியாணி போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் சாப்பாடு எப்போதும் கடைசிக் கலவை கொட்டி முடித்த பிறகுதான். நாலு மணியாகும், ஐந்து மணியாகும். அக்னசு இருபது வருஷம் சித்தாளாகக் கலவைச் சட்டி தூக்கியவள். ஆம்பளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகு ஆறிப்போன அண்டாவின் அடியைச் சுரண்டித்தான் அவளுக்கு வந்திருக்கிறது. அதனால் மனசில் ஒன்று நினைத்து வைத்திருந்தாள். தன் வீட்டில் வேலை செய்கிறவர்கள் மத்தியானம் ஒரு மணிக்குச் சூடாகச் சாப்பிட வேண்டும், சித்தாள்கள் முதல் பந்தியில் உட்கார வேண்டும்.

ஹால் பாதி முடிந்திருந்தது. கீழே அண்டாவைத் திறந்தாள். வாசனை மேலே வந்தது.

"மிஷினை நிறுத்துங்க! எலை போட்டாச்சு. ஜல்தி வாங்க, ஆறிடும்!"

இருபத்திரண்டு பேர். முதல் இலையில் மேஸ்திரி. அக்னசு பச்சைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே பரிமாறினாள். இரண்டாம் தடவை கேட்ட சித்தாள் குப்பம்மாளுக்குக்கூடத் தேடிப் பிடித்துக் கால் துண்டு வைத்தாள். "இன்னிக்கு நீ முதலாளியம்மா" என்று குப்பம்மாள் சொன்னதற்கு அவள் முகம் பூரித்துப் போனதை நான் பார்த்தேன். கட்டிய நாளிலிருந்து அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

பந்தி முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. மேலே ஏறிப் போய், நிறுத்தின இடத்தில் கலவை விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பள்ளம் விழவில்லை. சித்திரை வெயில். இறுகிவிட்டது. ஹாலுக்கு நட்ட நடுவில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும்.

தளம் என்பது ஒரே மூச்சில் போட வேண்டியது. பழைய கலவையோடு புதிய கலவை ஒட்டாது. இது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. சிமெண்டுப் பாலைக் கரைத்து விளிம்பில் ஊற்றிவிட்டு, புதுக்கலவையை அதன்மேல் கொட்டச் சொன்னேன்.

இதை நான் யாரிடம் சொல்வது? அக்னசிடம் சொன்னால், உன் பிரியாணியால் தளம் கெட்டது என்று சொன்னதாக ஆகும். அந்த நாளைப் பற்றி அவள் கோயில் படியில் பேசினாள், ரேஷன் கடை வரிசையில் பேசினாள், முகையூரில் இருக்கிற அவள் தங்கச்சிக்குப் போன் போட்டுப் போட்டுப் பேசினாள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு நாள். அதில் நான் எப்படிக் கை வைப்பேன்?

தகடு மூடியிருக்கிற வரைக்கும் அடிப்பக்கம் தெரியாது. தெரியாத வரைக்கும் தளம் நிற்கிறது. இப்படித்தான் நாள் போயிற்று. வீட்டை ஒட்டித் தார்ப்பாய்க் கொட்டகையில் குடியிருந்தோம். காலையில் எழுந்ததும் முட்டுகளுக்கு நடுவே குனிந்து நுழைந்து, ஒவ்வொன்றையும் உலுக்கிப் பார்ப்பேன். வாசலை ஒட்டின முட்டில் கரிக்கட்டியால் நாளுக்கு ஒரு கோடு போடுவேன். ஐந்தாவது கோட்டைக் குறுக்கே அடிப்பேன். எழுத்துக்கூட்டப் படித்தது நாற்பது வயதுக்கு மேல். கோடு போடுவது அதற்கும் முந்தின பழக்கம். பஸ்ஸில் போனாலும், டீக்கடையில் நின்றாலும் கண் மேலேதான் போகும். யார் வீட்டுக் கூரையைப் பார்த்தாலும் நடுவில் விரிசல் தெரிகிற மாதிரியே இருக்கும்.

அன்று காலை நாற்பத்தேழாவது கோடு போட்டுக்கொண்டிருந்தபோது அக்னசு பின்னால் வந்து நின்றாள்.

"இன்னிக்காவது பிரிக்கச் சொல்லேன்."

"ரெண்டு நாள் போவட்டும்."

"ஒரு மாசமா ரெண்டு நாள் போவட்டும், ரெண்டு நாள் போவட்டும்னு சொல்லிக்கினு இருக்கிற. வட்டி கட்டுறாப்ல வாடகை ஏறுது. ஒனக்கு இன்னாதான் பயம்?"

"பயமா? எனக்கா?"

அவள் என்னையும் அந்தக் கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். சோற்றுத் தூக்கைக் கையில் கொடுத்து, "போய்ட்டு வா" என்றாள்.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தளம் தயாராகிக்கொண்டிருந்தது. மேஸ்திரி அன்று வரவில்லை. பதினொரு மணிக்கு விருத்தாசலம் ஓட்டுகிற குட்டியானை வண்டி வந்து நின்றது. தகடும் முட்டும் நிறைய. இறக்கப் போனோம். நான் தோளில் வாங்கின மூன்றாவது முட்டில் கரிக்கோடு இருந்தது.

ஐந்து ஐந்தாக ஒன்பது கட்டு. அப்புறம் இரண்டு.

கீழே போட்டுவிட்டேன். பக்கத்தில் நின்றவன் கால் தப்பியது.

"எங்கேந்து ஏத்தின?" என்று விருத்தாசலத்தைக் கேட்டேன்.

"ஒன் ஊட்டுலேந்துதான். ஏன், ஒனக்குத் தெரியாதா? காலைல உங்க ஊட்டம்மா போன் பண்ணி மேஸ்திரிய வரச் சொன்னாங்களாமே."

"ஹாலு?"

"ரூம்பும் சமையக்கட்டும்தான் ஏத்துனேன். வாசப்பக்கம் நாலு முட்டு. ஹால் உள்ள அப்பத்தான் கை வச்சாங்க, நான் வந்துட்டேன்."

"யாரு உள்ள?"

"மேஸ்திரி, ரெண்டு பசங்க. உங்க ஊட்டம்மாவும்தான் சம்மட்டி எடுத்துக்கினு நிக்குது."

அக்னசுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மேஸ்திரி போன் அணைத்திருந்தது. சட்டையைப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் ரோட்டுக்கு ஓடினேன். விழுப்புரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், உட்கார இடம் இருந்தும். கண்டக்டர் இரண்டு தடவை, "பெரியவரே, உக்காருங்க" என்றார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்ற நேரம் எனக்கு ஒரு பகலாக இருந்தது. தளம் விழுந்தால் சத்தம் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை கேட்டிருக்கிறேன், யாரோ வீட்டில். முதலில் சத்தமே வராது. ஒரு தூசி மட்டும் கிளம்பும்.

மறுபடி போன் போட்டேன். எடுக்கவில்லை.

விழுப்புரத்தில் பஸ் மாறிக் கோலியனூரில் இறங்கி, தெரிந்த பையன் ஒருவனுடைய வண்டியில் தொற்றிக்கொண்டு ஊருக்கு வந்தேன். தெருமுனையில் திரும்பும்போதே வீடு தெரிந்தது. நின்றுகொண்டிருந்தது.

உள்ளே ஓடினேன். இத்தனை நாள் குனிந்து நுழைந்த பழக்கத்தில் குனிந்தே போனேன். முட்டு ஒன்றுகூட இல்லை; பிரித்ததை அந்த இரண்டு பையன்களும் பின்பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஹால் அவ்வளவு பெரிதா என்று இருந்தது. நட்ட நடுவில் பாய் போட்டு, அக்னசு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே கலவைச் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் மேஸ்திரி உட்கார்ந்து, உரித்ததைத் தின்றுகொண்டிருந்தார்.

"போனை எடுக்கறதில்லயா?" என்று கத்தினேன்.

"கொட்டாயில கெடக்குது. சம்மட்டி அடிக்கிற சத்தத்துல எங்க கேக்கும்? நிமிந்து நில்லுய்யா. முட்டு போயிடுச்சு."

நிமிர்ந்தேன். அவள் தலைக்கு நேர் மேலே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரு கோடு. நெளிந்து நெளிந்து ஓடியது. அதன் ஓரமெல்லாம் லேசாக ஈரம்.

"மொத அங்கேந்து எழுந்திரு" என்றேன்.

"முட்டு எடுத்ததுலேந்து இதுக்குக் கீழதான் உக்காந்திருக்கிறேன். பிரிக்கறதுக்கு மின்ன மேல முப்பது கொடம் தண்ணி ஊத்துனேன். ஈரம் காட்டுது. ஒரு சொட்டுகூட கீழ உழல."

சொட்டு எங்காவது தொங்குகிறதா என்று நான் கோடு நெடுகத் தேடினேன்.

"நீ சொல்லலன்னா எனக்குத் தெரியாதா?" என்றாள். "எத்தினி தளத்துக்கு சட்டி தூக்கியிருக்கிறேன். அன்னிக்கு எலை எடுத்துட்டு மேல வந்தேன். நீ கட்டவெரல வச்சு அமுத்திக்கினு இருந்த. பாத்துட்டுக் கீழ எறங்கிட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

மேஸ்திரி மல்லாட்டைத் தோலை ஊதினார். "யோவ், ஆறு அங்குலத்துக்கு ஒரு கம்பி கட்டியிருக்கிற. அது இழுத்துப் புடிச்சுக்கினு நிக்குது. கட்டினவனுக்கே நம்பிக்கை இல்லன்னா எப்படி? மேல தட்டு ஓடு பதிச்சுரு, ஈரமும் நின்னுடும்."

அடுத்தவன் வீடாக இருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். சம்மட்டியை எடுத்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தட்டினேன். கணீரென்றது. அந்தப் பக்கமும் அதே சத்தம். இன்னொரு தடவை தட்டினேன்.

"போதும், பேத்துடாத" என்றாள் அக்னசு.

மேஸ்திரி பாக்கெட்டிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தார். "சரி, நாளைக்கு ஓவர்சியர் வந்து படம் எடுத்துடுவாரு. பில்லு வந்ததும் என் கணக்கு. ஒம்பதாயிரத்து இருநூத்தி நாப்பது."

"இருங்க மேஸ்திரி" என்றாள் அக்னசு. "அன்னிக்கு மிஷினை நிறுத்தச் சொன்னது யாரு?"

"நீதாம்மா."

"நான் கைநாட்டு, சட்டி தூக்குறவ. நிறுத்தக்கூடாதுன்னு சொல்ல வேண்டிய மேஸ்திரி யாரு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கோட்டைப் பார்த்தேன்.

"மொத எலையில மொத ஆளா உக்காந்தது யாரு? ரெண்டாந்தடவை, மூணாந்தடவை சோறு கேட்டது யாரு?"

"வாசனை வந்துச்சும்மா" என்றார் மேஸ்திரி. குரல் இறங்கியிருந்தது. "அதுவும் நீ அந்த மொகத்தோட கூப்புடுற. எப்படி வேணாம்னு சொல்றது? சொல்லியிருக்கணும். சொல்லல."

"நீங்க சொல்லியிருந்தா இந்தாளு இத்தினி நாள் தூங்காம பேஜாரு பட்டிருக்க மாட்டாரு. பதினாலாம் நாளே உங்க தகடு உங்க ஊட்டுக்கு வந்திருக்கும்."

மேஸ்திரி பேனாவைத் திறந்தார். அப்புறம் நோட்டைத் தொடையில் வைத்து ஒரு கோடு இழுத்தார். "வண்டி வாடகை மட்டும் ஐந்நூறு குடுத்துரு. விருத்தாசலம் சும்மா வர மாட்டான்."

அக்னசு முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தாள்.

"நோட்டைக் காட்டுங்க" என்றேன் நான்.

சூசைமுத்து என்று என் பெயர், பக்கத்தில் தொகை. இரண்டுக்கும் குறுக்கே, தளத்தில் ஓடியதைப் போலவே நெளிந்து ஒரு கோடு. எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மேஸ்திரி அதையும் ஐந்நூறையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சட்டியிலிருந்து எழுந்து போனார்.