லக்கி லூசர் பெஞ்ச்

தரவரிசையில் ஒரு புள்ளியாவது இல்லாதவர்களுக்கு அந்த டென்னிஸ் மைதானத்தில் நிழல் விழாது. இளவேனிலுக்கு விழவில்லை. வயசுப் பெண் இப்படி நிழலில்லாமல் மொட்டையாக வெயிலில் நடந்து போவதைப் பார்த்து அவள் அம்மா வசந்தாமணிக்கு மானம் போயிற்று. ஊரில் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் இளவேனில் வழக்கம்போலத் தோற்றாள். அந்த விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தோற்றவளை லக்கி லூசர் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிரதான சுற்றில் யாராவது விலகினால் அந்த இடம் பெஞ்சில் இருப்பவருக்குப் போகும். அங்கே ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் புள்ளி. புள்ளி வந்தால் நிழல்.

போட்டி அதிகாரி முறுக்கைக் கடித்துக்கொண்டே வந்தார்.

"யார் கால் வேணும்?"

"புரியலை சார்."

"யாராவது விழுந்தாத்தானே நீ உள்ள போக முடியும்? பேரைச் சொல்லு."

இளவேனில் தூரத்தில் பந்து தட்டிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுக்காரியைக் காட்டினாள்.

"அவளைத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்ப முடியாது. தெரியாதவங்க விழுந்தா அது வெறும் விபத்து. தெரிஞ்சவங்க விழுந்தாத்தான் அதிர்ஷ்டம்."

அந்த மைதானத்தில் இளவேனிலுக்குத் தெரிந்தவள் ஜெனிட்டா ஒருத்திதான். விடுதியில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே சோப்பு. இளவேனிலின் மட்டைப் பிடியில் இருந்த நீலப் பட்டைகூட ஜெனிட்டா சுற்றிக்கொடுத்தது. அவளுக்கும் நிழல் கிடையாது. இரண்டு பேரும் உச்சி வெயிலில் சேர்ந்து நடந்து, விழாத நிழல்களைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். இப்போது ஜெனிட்டா தன் முதல் பிரதான ஆட்டத்துக்காக எதிர்க் கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தாள். பெஞ்சைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினாள்.

"சொல்லு கண்ணு," என்றாள் பெஞ்சுக்குப் பின்னால் நின்ற அம்மா. "அவளுக்கென்ன, இன்னொரு காலு இருக்குதல்ல."

முடியாது என்று சொல்லத்தான் இளவேனில் வாயைத் திறந்தாள். வாயிலிருந்து வந்தது பேர்.

நடுவர் சுண்டிய நாணயம் இன்னும் கீழே வரவில்லை. அதற்குள் ஜெனிட்டா விழுந்தாள். முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நடுவர் குனிந்து நாணயத்தைப் பார்த்து, "பூ," என்றார்.

இளவேனில் உள்ளே போனாள். பெஞ்ச் காலியாக இருக்கக் கூடாது என்பது விதி. ஜெனிட்டாவை மாவுக்கட்டோடு கொண்டுவந்து அதில் உட்கார வைத்தார்கள்.

அன்று இளவேனில் ஆடிய ஆட்டம் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சாயங்காலம், இன்னும் ஒரே ஒரு பந்து ஜெயிக்க வேண்டியிருந்தபோது, முறுக்குச் சத்தம் பெஞ்சுப் பக்கம் போனது.

"யார் கால் வேணும்?" என்றார் அதிகாரி.

ஜெனிட்டா மாவுக்கட்டின் ஓரத்தைச் சுரண்டினாள்.

"அதோ ஆடுதே, அந்தப் பொண்ணைத் தெரியுமா?"

பந்தை மேலே எறியப்போன இளவேனிலுக்குக் கால் கூசியது. தெரியும் என்று சொல்லட்டும் என்று நினைத்தாள். உண்மையாகவே ஆசைப்பட்டாள். இரண்டு பேருமாக நொண்டிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம்.

"தெரியாது சார்," என்றாள் ஜெனிட்டா.

காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பந்து எதிராளியைத் தாண்டிப் போயிற்று. ஆட்டம் முடிந்தது.

இளவேனிலின் காலடியிலிருந்து நிழல் கிளம்பி கோர்ட்டின் பாதி தூரத்துக்கு நீண்டது. அம்மா ஓடிவந்து குந்தி உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா வாட்டசாட்டமா இருக்குது கண்ணு."

இளவேனில் மட்டையைப் போட்டுவிட்டு பெஞ்சுக்கு ஓடினாள்.

"ஏய் ஜெனி. என்னைப் பாருடி."

ஜெனிட்டா நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை. மாவுக்கட்டுக் காலை இரண்டு கையாலும் பிடித்து ஓரமாக நகர்த்தினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள். "உங்க நிழல் என் மேல விழுது."