மூன்றாவது வேண்டாம்

எரிவாயு ஆபீஸ்காரர் ஃபர்னஸில் சிவப்புச் சீட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் போன அன்று, ஆர்டிஸ் ஹாகன் முகத்தைத் துக்கம் விசாரிக்க வந்தவள்போல வைத்துக்கொண்டாள். அப்படி வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

முப்பத்தொரு வருடம் நிலவறையில் நின்றபடி வீடு முழுக்கச் சூட்டுக் காற்றை ஊதிய இரும்புப் பெட்டி அது. உள்ளே விரிசல் விட்டுவிட்டது, விஷ வாயு கசியும், இனிமேல் ஏற்றவே கூடாது என்று சீட்டில் எழுதியிருந்தது. அப்போது அக்டோபர் முதல் வாரம். அமெரிக்காவின் வடகோடி மினசோட்டாவில் அக்டோபர் முதல் வாரத்துக்கும் பனிக்கும் நடுவில் அதிக நாள் கிடையாது.

"நல்லா உழைச்சான், பாவம்," என்றார் அவள் கணவர் வெர்லின், தகரத்தைத் தடவிக்கொடுத்தபடி. நாற்பது வருடம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். இரும்பில் செய்தது எதுவானாலும் அவருக்கு அது சொந்தக்காரன்.

"என்ன பண்றது, எல்லாத்துக்கும் ஒரு காலம் இருக்கு," என்றாள் ஆர்டிஸ். சொல்லிவிட்டுப் படியேறிப் போய், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஓசை வராமல் இரண்டு முறை கை தட்டினாள்.

விஷயம் இதுதான்: அவளுக்கு ஏசி வேண்டும். புது ஃபர்னஸ் வாங்கும்போது அதன் தலைமேலேயே ஏசியையும் சேர்த்து ஏற்றிவிடலாம். ஒரே காற்றாடி, ஒரே குழாய், ஒரே கூலி. தனியாக வாங்கினால் எட்டாத பொருள், சேர்த்து வாங்கினால் எட்டும். பனி கொட்டும் ஊருக்கு ஏசி எதற்கு என்று கேட்கிறவர்கள் ஜூலையில் வந்து அந்த வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். ஏரிப் பக்கமிருந்து புழுக்கம் எழுந்து வந்து சுவரெல்லாம் வியர்க்கும்.

புழுக்கத்தைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது சீட்டாட்டம். மாதம் ஒரு வீடு என்று எட்டுப் பெண்கள் கூடி ஆடுவார்கள். ஜூலை ஆர்டிஸின் முறை. ஏழு வருடத்துக்கு முன் ஒரு ஜூலையில், லவோன் என்பவள் கையில் சீட்டைப் பிடித்தபடியே மயங்கி, பச்சை ஜெல்லிக் கிண்ணத்தில் முகம் பதித்துவிட்டாள். அதிலிருந்து ஜூலை வந்தால் போதும், "உனக்கு எதுக்கு சிரமம் ஆர்டிஸ், பெவர்லி வீட்ல வெச்சுக்கலாமே" என்று இனிக்க இனிக்கச் சொல்வார்கள். அந்த ஊரில் ஒருத்தியை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. ஏழு ஜூலையாக அவள் பெவர்லியின் குளுகுளு வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து வயிறெரிந்துகொண்டிருக்கிறாள்.

வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதானே என்கிறீர்களா? அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் ஊர் நியாயம். அந்த ஊரில் அழுத பிள்ளையைத் தெருவே பரிதாபமாகத் திரும்பிப் பார்க்கும். காபி கொடுத்தால் முதல் முறை "வேண்டாம்". இரண்டாம் முறை "உங்களுக்கு எதுக்கு சிரமம்". மூன்றாம் முறை "ஏற்கெனவே போட்டுட்டீங்கன்னா அரைக் கப்". மூன்றாம் முறையும் வேண்டாம் என்றால்தான் அது நிஜமான வேண்டாம். அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டால் மரியாதை இல்லை. அந்த ஊர்க் குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு பல் முளைக்கும் முன்பே தெரியும்.

இந்தக் கணக்கை வைத்தே ஆர்டிஸ் திட்டம் போட்டாள். ஃபர்னஸ் என்றால் மூன்று பேரிடம் விலை கேட்பது வழக்கம். மூன்று பேரும் ஏசியைப் பற்றிப் பேசாமல் போக மாட்டார்கள். முதல் இரண்டு பேரிடம் வேண்டாம் என்று சொல்வாள். பெண்டாட்டி இரண்டு முறை வேண்டாம் என்றால், "பரவால்ல, வெச்சுக்கோ" என்று வற்புறுத்த வேண்டியது கணவனின் கடமை. மூன்றாவது ஆளிடம் "இவ்வளவு தூரம் எல்லாரும் சொல்றீங்கன்னா..." என்று இழுத்தால் போதும். ஏசி தானாக வந்துவிடும். கேட்ட பாவமும் அவளுக்கு வராது. கையில் இருந்தது பத்தாயிரம் டாலர். அதற்குள் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ட்ரெவர் என்பவன் வந்தான். ஷூவின் மேல் நீல உறை, கையில் மின்னும் பலகை. மணிக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் பி.டி.யு. வெப்பம் தரும் ஃபர்னஸ் என்றான். கைபேசியிலிருந்தே கட்டுப்படுத்தலாம் என்றான். "லட்சத்து இருபதாயிரமா!" என்று வெர்லின் நிமிர்ந்து உட்கார்ந்தார். விலை பதினெட்டாயிரம் என்றதும் மறுபடி சாய்ந்துகொண்டார்.

"அம்மாவுக்காக ஒரு ஏசியும் சேர்த்திருக்கேன்," என்றான் ட்ரெவர்.

"எங்களுக்கு எதுக்குப்பா? வெயில் காலம்னு இங்க மூணு வாரம் இருக்குமா?" என்றாள் ஆர்டிஸ். மனதுக்குள் எண்ணினாள்: ஒன்று.

இரண்டாவதாக லைல் பிராட்வோல்ட் வந்தார். தேவாலயத்தில் வெர்லினுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவர். நிலவறைக்கு இறங்காமல் பாதிப் படியிலிருந்தே எட்டிப் பார்த்து, "இதே அளவு போட்டுடலாம்," என்றார். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டார். "ஏசியும் சேர்த்துத்தான். வேணும்னா."

"ஐயோ, வேண்டாம் லைல். ஜன்னலைத் திறந்தா காத்து வருது."

வெர்லின் அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் ஆர்டிஸ்? வெச்சுக்கலாமே."

அவள் நெஞ்சு குதித்தது. திட்டம் தண்டவாளத்தில் ஓடுகிறது! "எனக்கெதுக்குங்க," என்று தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு.

மூன்றாவதாக வந்தவள் யோலாண்டா ட்ரெவிசோ. டெக்சாஸில் எல் பாசோக்காரி. போன வருடம்தான் உள்ளூர்ப் பையன் டெரெக்கைக் கட்டிக்கொண்டு வந்து, அவனோடு சேர்ந்து தொழில் தொடங்கியிருந்தாள். வந்ததும் காபி கொடுத்தார்கள். "குடுங்க, குடுங்க," என்று வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டேப்பை எடுத்து ஜன்னல்களை அளக்க ஆரம்பித்தாள். பரணில் ஏறி, சூடு வெளியே போகாமல் இருக்கப் போட்ட பஞ்சில் விரலை விட்டு ஆழம் பார்த்தாள். கடைசியில் கணக்குப் போட்டுச் சொன்னாள்.

"அறுபதாயிரம் போதும் சார்."

"அறுபதா?" வெர்லினின் முகம் சுருங்கிவிட்டது. "முதல் ஆள் சொன்னதுல பாதியா? எதிர்வீட்டு ஓர்வால் வீட்ல லட்சம் ஓடுது!"

"அதான் அவர் வீட்ல ரெண்டு நிமிஷம் எரிஞ்சு நிக்குது, மறுபடி எரியுது, மறுபடி நிக்குது. ரோட்ல நின்னாலே கேக்குது சார். கேஸும் தண்டம், மெஷினும் சீக்கிரம் சாகும். உங்க வீடு சின்னது, பஞ்சு நல்லா இருக்கு. போன்ல பேசுற ஃபர்னஸ் எல்லாம் உங்களுக்கு எதுக்கு? சாதாரணமானது போதும். ரெண்டு டன் ஏசியும் சேர்த்து ஒன்பதாயிரத்து நானூறு."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பத்துக்குள்! ஆர்டிஸ் முந்தானையில்லாத ஊரில் சமையல் மேலங்கியின் நுனியைக் கசக்கினாள்.

"ஏசி வேணுமா அம்மா?" என்று யோலாண்டா நேராக அவளைப் பார்த்துக் கேட்டாள்.

இப்போது "இவ்வளவு தூரம் சொல்றீங்கன்னா" என்று அவள் இழுத்திருக்க வேண்டும். ஆனால் புது ஆள், புது முகம். புது ஆளிடம் முதல் கேள்விக்கே தலையாட்டுவதா? அறுபத்தாறு வருடப் பழக்கம், அவளைக் கேட்காமலே வாய் திறந்துவிட்டது. "ஐயையோ, எங்களுக்கு எதுக்கும்மா!" என்றாள். சொல்லிவிட்டு, யோலாண்டா இன்னொரு தடவை கேட்பதற்காகப் புன்னகையோடு காத்திருந்தாள்.

"சரி," என்றாள் யோலாண்டா. பேனாவால் ஒரே கோடு. ஏசி அடிபட்டுவிட்டது. "அப்போ அய்யாயிரத்து இருநூறு. வியாழக்கிழமை போட்டுடலாமா?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதேதான். ஆர்டிஸ் வெர்லினைப் பார்த்தாள். வெர்லின் அவளை மரியாதையோடு பார்த்தார். மூன்று பேரிடம் மூன்று வேண்டாம். நிஜமான வேண்டாம். அவர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த இரண்டு நாளும் அவள் படாத பாடில்லை. புதன்கிழமை காலை யோலாண்டாவுக்குப் போன் செய்து, குளிரைப் பற்றியும் டெரெக்கின் அம்மாவின் முழங்காலைப் பற்றியும் விசாரித்துவிட்டு மெல்ல வந்தாள். "நீ கோடு போட்டியே ஒண்ணு, அதைப் பாத்தா எனக்குப் பாவமா இருந்துச்சு."

"அம்மா, உங்களுக்கு ஏசி வேணுமா?"

"நான் அப்படிச் சொல்லலையே!"

"சரிம்மா, நாளைக்குப் பாக்கலாம்!" போன் வைக்கப்பட்டுவிட்டது.

இந்தப் பெண்ணுக்கு வளர்ப்பே சரியில்லை என்று ஆர்டிஸ் கொதித்தாள். பிறகு வெர்லினின் பக்கம் திரும்பினாள். கோடைக்கால மின்விசிறியை எடுத்து, அவர் நாற்காலிக்கு முன்னால், துருப்பிடித்த பக்கம் தெரிய வைத்தாள். இதைப் பார்த்தாவது ஜூலை ஞாபகம் வராதா? வந்தது. அவர் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து விசிறியைக் கழற்றி, எண்ணெய் போட்டு, துருவைச் சுரண்டி, "இப்போ இன்னும் இருபது வருஷம் ஓடும் பாரு," என்று அன்போடு திருப்பிக் கொடுத்தார். அந்த விசிறியை அவர் தலையிலேயே போடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

வியாழக்கிழமை யோலாண்டாவும் டெரெக்கும் பழைய பெட்டியைத் துண்டு துண்டாக மேலே ஏற்றினார்கள். எதிர்வீட்டு ஓர்வால், வேலை நடக்கிற இடத்தில் ஆண்கள் நிற்பதுபோல, இடுப்பில் கை வைத்து நின்று வேடிக்கை பார்த்தார்.

"இதென்னடா, ரொட்டிப் பெட்டி மாதிரி இருக்கு," என்றார் புது ஃபர்னஸைப் பார்த்து.

"வீட்டுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு," என்றார் வெர்லின் விறைப்பாக. இரண்டு நாளில் அது அவருடைய சொந்தக் கருத்தாகிவிட்டிருந்தது.

ஆர்டிஸ் பூசணிக் கேக் தட்டோடு படியில் இறங்கி வந்தாள். யோலாண்டா ஃபர்னஸுக்கு மேலே இருந்த இடைவெளியை மூடத் தகரத்தை வளைத்துக்கொண்டிருந்தாள். அந்த இடைவெளியில்தான் ஏசியின் சுருள் உட்கார வேண்டும்.

"அதை மூடிட்டா?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

"மூடிட்டா மூடினதுதாம்மா. அப்புறம் ஏசி வேணும்னா எல்லாத்தையும் மறுபடி வெட்டணும். ரெண்டு மடங்கு ஆகும்." யோலாண்டா திருகாணியை வாயில் கவ்விக்கொண்டாள்.

முதல் திருகாணி ஏறியது. ஆர்டிஸ் வெர்லினைப் பார்த்தாள். அவர் தகரத்தைப் பார்த்தார். டெரெக்கைப் பார்த்தாள். அவன் உள்ளூர்க்காரன், இவள் தவிப்பு மொத்தமும் அவனுக்குப் புரிந்துவிட்டது, ஆகவே தரையைப் பார்த்தான். இரண்டாவது திருகாணி ஏறியது. இன்னும் இரண்டுதான். பெவர்லி வீட்டு ஜில்லென்ற சோபா அவள் கண்முன் வந்தது. இன்னும் எத்தனை ஜூலை?

"எனக்கு வேணும்," என்றாள்.

யோலாண்டா திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"ஏசி. எனக்கு வேணும். இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள்லேந்தே வேணும். நாப்பத்தோரு வருஷமா வேணும்!"

ஓர்வால், அவள் எல்லோர் முன்னாலும் உடை மாற்ற ஆரம்பித்துவிட்டதுபோல முகம் சிவந்து, தன் பூட்ஸை ஆராய்ந்தார். "அடுப்புல ஏதோ வெச்சுட்டு வந்த ஞாபகம்," என்று முனகிவிட்டுப் படியேறி ஓடியே போனார்.

"நீ மூணு தடவை வேண்டாம்னு சொன்னியே," என்றார் வெர்லின், திகைத்துப்போய்.

"சொன்னேன்! நீங்க அதை நம்பிட்டீங்க!"

யோலாண்டா வாயிலிருந்த திருகாணியை எடுத்தாள். "சார், அப்போ போடலாமா வேண்டாமா?"

"நான் வேண்டாம்னு சொல்லல..." என்று வெர்லின் இழுத்தார். யோலாண்டாவின் கை திருப்புளிக்குப் போவதைப் பார்த்ததும் பதறினார். "போடும்மா! வேணும்! எனக்கும் வேணும்!"

"உங்களுக்குமா?" என்றாள் ஆர்டிஸ்.

வெர்லின் பழைய ஃபர்னஸ் நின்ற வெற்றுத் தரையைப் பார்த்தபடி சொன்னார். "பின்ன, ஜூலை மாசம் தினம் மத்தியானம் நான் எதுக்கு ஹார்டுவேர் கடைக்குப் போறேன்? எனக்கென்ன அவ்வளவு ஆணி தேவையா? அங்க ஏசி இருக்கு ஆர்டிஸ். பெயின்ட் வரிசையில ஒரு ஸ்டூல் போட்டு வெச்சிருக்காங்க எனக்கு."

ஆர்டிஸ் கேக் தட்டைப் படியில் வைத்தாள். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜூலைக்கு ஜூலை இவள் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, இந்த மனுஷன் ஸ்டூலில் உட்கார்ந்து காற்று வாங்கியிருக்கிறார்.

"என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

"கூப்பிட்டேனே. வருஷா வருஷம், ஜூலை முதல் நாள். கடைக்கு வர்றியான்னு. நீ வேண்டாம்னு சொல்லுவ."

"எத்தனை தடவை கேட்டீங்க?"

வெர்லின் யோசித்தார். கையால் மோவாயைத் தடவினார்.

"ஒரு தடவைதான்," என்றார்.

யோலாண்டா ஏறிய இரண்டு திருகாணிகளையும் கழற்ற ஆரம்பித்தாள்.